சுவாமி இல்லாத கோயில்

திருவண்ணாமலைக்கு எத்தனை தடவை போயிருக்கிறீர்கள் என்று கேட்டால் நீங்கள் கணக்குச் சொல்லிவிடுவீர்கள். கார்த்திகை தீபத்துக்கு ஒரு தடவை, பௌர்ணமி கிரிவலத்துக்கு மூன்று தடவை, மைத்துனன் கல்யாணத்துக்கு ஒரு தடவை. சரி, அங்கிருந்து சென்னைக்குத் திரும்பும்போது, பஸ் கிளம்பி ஒரு மணி நேரத்துக்குள், இரண்டு பக்கமும் பாறையை வாரிக் கொட்டினாற்போலக் குன்றுகள் வருகின்றனவே, பழைய மதிலை ஊடுருவிக்கொண்டு சாலை போகிறதே, அந்த இடத்தில் எத்தனை தடவை இறங்கியிருக்கிறீர்கள்?

தலையைச் சொறிய வேண்டாம். நானும் இறங்கியதில்லை. ஜன்னல் வழியே எட்டிப் பார்த்து, "அதோ செஞ்சிக் கோட்டை!" என்று பக்கத்து ஆசாமியிடம் சொல்லிவிட்டு மறுபடி தூங்கிப்போகிற கூட்டத்தைச் சேர்ந்தவன்தான் நானும்.

இந்தத் தடவை என்னை இறக்கிவிட்டவர் என் தாயார். முதல் நாள் இரவு 14 கிலோமீட்டர் கிரிவலத்தை எனக்கு முன்னால் நடந்து முடித்தவர். மறுநாள் விடியற்காலைப் பஸ்ஸில், மடியில் அண்ணாமலையார் கோயில் பிரசாதப் பொட்டலத்துடன் உட்கார்ந்திருந்தார். கீழ்பென்னாத்தூர் தாண்டி, ஆலம்பூண்டி தாண்டி, குன்றுகள் தெரிய ஆரம்பித்ததும் என் தோளைத் தட்டினார்.

"ஏண்டா, நாற்பது வருஷமா இந்த ரோட்டிலே போய் வரேன். தேசிங்குராஜா கோட்டையை ஜன்னல் வழியாத்தான் பார்த்துக்கிட்டிருக்கேன். உனக்கு இன்னிக்கு ஆபீஸ் இல்லையே, இறங்கினா என்ன?"

"காலை வலிக்கவில்லையா, அம்மா?"

"வலிக்குது. உட்கார்ந்து பார்க்கிறேன்."

கண்டக்டர் நல்ல மனிதர். கோட்டை எதிரிலேயே விசில் கொடுத்து, "அம்மா, பார்த்து இறங்குங்க" என்று பையையும் எடுத்துக் கொடுத்தார். திருவண்ணாமலையிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர்தான் வந்திருந்தோம். ஆனால் அங்கிருந்த ஜனக்கூட்டத்துக்கும் இங்கிருந்த நிசப்தத்துக்கும் நாலு நூற்றாண்டு தூரம் இருக்கும் போலிருந்தது.

செஞ்சிக் கோட்டை என்பது ஒரு கோட்டை அல்ல, மூன்று. சாலைக்கு ஒரு புறம் ராஜகிரி, மறு புறம் கிருஷ்ணகிரி, சற்றுத் தள்ளிச் சந்திரகிரி. மூன்று குன்றுகளையும் ஒரே மதில் முக்கோணமாகச் சுற்றி வளைத்திருக்கிறது. மதிலின் சுற்றளவு 13 கிலோமீட்டர், கனம் சில இடங்களில் 60 அடி, வெளியே 80 அடி அகலத்துக்கு அகழி. 1190ஆம் ஆண்டு வாக்கில் ஆனந்தக் கோன் என்ற இடையர் தலைவர் இங்கே புதையல் கண்டெடுத்து ராஜகிரிமேல் முதல் கோட்டையைக் கட்டினார் என்பது பழங்கதை. பிறகு விஜயநகரத்தாரின் கீழ் நாயக்கர்கள், அவர்களுக்குப் பின் பீஜப்பூர் சுல்தான், 1677ல் சிவாஜி, 1698ல் மொகலாயர், 1750ல் பிரெஞ்சுக்காரர், 1761ல் ஆங்கிலக் கும்பினியார் என்று கை மாறிக்கொண்டே போயிற்று. பள்ளிக்கூடத்தில் சரித்திரப் பாடம் ஒப்பித்தவர்களுக்கு இந்தப் பட்டியலே போதும். மற்றவர்கள் தேசிங்குவுக்கு வாருங்கள், அவரைப் பிறகு பார்க்கலாம்.

நுழைவாயிலுக்கு அருகே ஒரு மரத்தடியில், கூடையில் அவித்த மல்லாட்டை வைத்துக்கொண்டு ஓர் ஆயா உட்கார்ந்திருந்தாள். (மல்லாட்டை என்றால் வேர்க்கடலை. மணிலாக்கொட்டைதான் இந்தச் சீமையில் அப்படித் தேய்ந்திருக்கிறது.) அம்மா அவள் பக்கத்தில் இடம் பிடித்துக்கொண்டார். இரண்டு பேருக்கும் அரை நிமிஷத்தில் சிநேகம் ஆகிவிட்டது.

"நீ மேல ஏறிட்டு வா தம்பி. பெரியம்மாவை நான் பார்த்துக்கிறேன். வெயில் ஏறதுக்குள்ள போயிடு. கையில தின்பண்டம் எடுத்துக்கிட்டுப் போகாத, குரங்கு புடுங்கும்" என்றாள் ஆயா.

குரங்கு விஷயத்தில் அவள் சொன்னது சத்தியம். உள்ளே நுழைந்ததும் கண்ணில் படுவது கல்யாண மகால். சதுர முற்றத்தின் நடுவே எட்டு நிலையுடன் கூண்டுக் கோபுரம் மாதிரி எழும்பியிருக்கிறது. மண் குழாய் பதித்து ஆறாவது நிலை வரை தண்ணீர் ஏற்றியிருக்கிறார்கள். என் வாடகை வீட்டில் இரண்டாம் மாடிக்குத் தண்ணீர் ஏறாமல் நான் படுகிற பாடு ஞாபகம் வந்தது. அதைத் தாண்டினால் குதிரை லாயங்கள், நெற்களஞ்சியம், ஆனைக்குளம். களஞ்சியத்துக்குள் நின்று ஒரு வார்த்தை பேசினால் அது நாலு தரம் திரும்பி வருகிறது.

ராஜகிரி 800 அடி உயரம். படிகள் செங்குத்து. பாதி வழியில் கமலக்கண்ணி அம்மன் கோயில். பெரிய கோயில் அல்ல. ஆனால் மஞ்சளும் குங்குமமும் புதிதாக இருந்தன, எலுமிச்சம்பழம் வாடாமல் இருந்தது. அதை நான் அப்போது பெரிதாக நினைக்கவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டிருந்தேன்.

உச்சிக்குச் சற்று முன்னால் மலை சட்டென்று இரண்டாகப் பிளந்திருக்கிறது. இடைவெளி 24 அடி, ஆழம் 60 அடி. அதன்மேல் ஒரு பாலம். அந்தக் காலத்தில் பாலத்தை எடுத்துவிட்டால் தீர்ந்தது. பத்துப் பேர் நின்று பதினாயிரம் பேரைத் தடுக்கலாம். சிவாஜியின் மகன் ராஜாராம் மொகலாயருக்குத் தப்பி இங்கே வந்து மராட்டிய ராஜ்யத்தையே இந்தப் பாறைமேல் உட்கார்ந்து ஆண்டார். ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகர்கான் 1690ல் முற்றுகை போட்டவர், கோட்டைக்குள் நுழைய 1698 ஆயிற்று! அதற்குள் ராஜாராம் தப்பிப் போய்விட்டார்.

பாலத்துக்கு அப்பால் மணிக்கூண்டு, களஞ்சியம், ஒரு நீளப் பீரங்கி, அதன்மேல் 7560 என்ற எண். காற்று ஆளைத் தள்ளியது. அங்கே ரங்கநாதர் கோயில் ஒன்றும் இருக்கிறது. ஆவலாக உள்ளே எட்டிப் பார்த்தேன். கருவறை காலி.

கீழே இறங்கியபோது அம்மா உரித்த கடலைத் தோலில் ஒரு சின்னக் குன்றே எழும்பியிருந்தது. "மேலே என்னடா இருக்கு?" என்றார். ரங்கநாதர் கோயிலைச் சொன்னேன். "சேவிச்சியா?" என்றார். சுவாமி இல்லை என்றதும் முகம் சுருங்கிவிட்டது.

"அதுக்கென்ன பெரியம்மா, கீழே பெரிய கோயிலே இருக்கு, வெங்கட்ரமணர் கோயிலு. பாண்டிச்சேரி வாசல் பக்கம். பார்த்துட்டுப் போங்க" என்றாள் ஆயா. பிறகு என்னைப் பார்த்துக் குரலைத் தணித்துக்கொண்டு, "அங்கியும் கெடயாது தம்பி" என்றாள்.

இந்த இடத்தில் வாசகர்கள் என்னை மன்னிக்க வேண்டும். ஆயாவின் கடைசி வாக்கியத்தை நான் அம்மாவிடம் சொல்லவில்லை.

சாலையை விட்டு விலகிக் கொஞ்ச தூரம் நடந்தோம். முதலில் கோபுரம் தெரிந்தது. வர்ணப் பூச்சு இல்லாத, வெயிலில் பழுத்த கோபுரம். வாசலின் இரண்டு பக்கச் சுவர்களிலும் ராமாயணம், தசாவதாரம், பாற்கடல் கடைந்த கதை எல்லாம் கல்லில் வரிசை வரிசையாகச் செதுக்கியிருக்கிறது. அம்மாவுக்குப் புத்தகம் வேண்டியிருக்கவில்லை. ஒவ்வொன்றாக விரல் வைத்துக் கதை சொல்லிக்கொண்டே வந்தார். இதைக் கட்டியவர் முத்தியாலு நாயக்கர், 16ஆம் நூற்றாண்டின் நடுவில். திருவண்ணாமலையில் நீங்கள் அண்ணாந்து பார்க்கிறீர்களே, 11 நிலை, 217 அடி ராஜகோபுரம், அதுவும் அந்த நூற்றாண்டில்தான் எழும்பியது. கிருஷ்ணதேவராயர் தொடங்கினார், தஞ்சைச் செவ்வப்ப நாயக்கர் முடித்தார். இரண்டும் சமவயதுக்காரர்கள், சமஸ்தானமும் ஏறக்குறைய ஒன்று.

உள்ளே விசாலமான பிராகாரம். முழங்கால் வரை புல். மண்டபம் மண்டபமாகத் தூண்கள் நிற்கின்றன. மூன்று நான்கு இளைஞர்கள் செல்போனில் தங்களையே படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். தூண்களில் ஆணியால் கீறிய பெயர்கள். ஒரு யாளியின் மார்பில் அம்பு பாய்ந்த இதயம். யாளிக்கு வந்த கதியைப் பாருங்கள்!

அம்மா நேரே கருவறைக்குப் போனார். நான் பின்னாலேயே போனேன். உள்ளே இருட்டு, வௌவால் நாற்றம். கண் பழகக் கொஞ்ச நேரம் ஆயிற்று. பழகிய பிறகும் பார்க்க ஒன்றும் இல்லை.

"சுவாமி எங்கேடா?"

வாசக அன்பர்களே, நான் பத்து வருஷமாகப் பத்திரிகையில் எழுதுகிறேன். கேள்வி கேட்பது என் தொழில். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. "யுத்தத்திலே போயிருக்கும், அம்மா" என்று மென்று விழுங்கினேன்.

அம்மா மடியிலிருந்த பொட்டலத்தைப் பிரித்தார். முதலில் வில்வத்தை எடுத்தார். உடனே நாக்கைக் கடித்துக்கொண்டு, "பெருமாள் கோயிலாச்சே" என்று அதை உள்ளே வைத்துவிட்டு, கதம்பத்தில் ஒரு விரற்கடை கிள்ளி வாசற்படியில் வைத்தார். படம் எடுத்துக்கொண்டிருந்த பையன்களில் ஒருவன் அருகில் வந்து, "பாட்டி, உள்ளே சாமி இருக்காரா?" என்றான்.

"இருந்தாருப்பா" என்றார் அம்மா.

சுவாமி மட்டும் போகவில்லை, தூண்களும் போயிருக்கின்றன. அவற்றை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள் என்று நான் பந்தயம் கட்டத் தயார். புதுச்சேரிக் கடற்கரையில் காந்திஜியின் சிலையைச் சுற்றி உயரமான கருங்கல் தூண்கள் நிற்கின்றன அல்லவா? அதன் அடியில் உட்கார்ந்துதானே நீங்கள் சுண்டல் தின்றீர்கள்? அவை செஞ்சியிலிருந்து போனவை. 1750 செப்டம்பரில் ஓர் இரவில் புஸ்ஸி என்ற தளபதி இந்தக் கோட்டையைப் பிடித்தார். எட்டு வருஷம் மொகலாயரைக் காக்க வைத்த அதே கோட்டைதான்! அதற்குப் பின் பத்து வருஷத்துக்கு மேல் பிரெஞ்சுக் கொடி பறந்தது. இங்கிருந்த கோயில் தூண்கள் வண்டியேறிப் புதுச்சேரிக்குப் போய்ச் சேர்ந்தன. 1870ல் பிரெஞ்சுக்காரர் தங்கள் கவர்னர் டூப்ளேக்குக் கடற்கரையில் சிலை வைத்தபோது, பெருமாள் கோயில் தூண்கள் டூப்ளேக்கு அணிவகுத்து நின்றன. பிறகு டூப்ளே இடம் மாறினார், காந்திஜி வந்தார். தூண்கள் மட்டும் அங்கேயே, முன்பின் தெரியாத மனிதர்களுக்கு மாறி மாறிக் காவல் நிற்கின்றன.

திருப்பிக் கொண்டு வர வேண்டும் என்று சிலர் சொல்லக்கூடும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சுவாமியில்லாத மண்டபத்துக்குத் தூண் வந்து என்ன செய்யும்? காந்திஜியின் பக்கத்தில் நிற்பது ஒன்றும் அவமானம் இல்லை. ஆனால் அங்கே பெரிய எழுத்தில், எல்லோர் கண்ணிலும் படும்படி, "நாங்கள் செஞ்சி வெங்கட்ரமணர் கோயில் தூண்கள்" என்று ஒரு பலகை நிற்க வேண்டும். அதைப் படித்துவிட்டு நூறு பேரில் ஒருவராவது செஞ்சிக்குப் பஸ் ஏறமாட்டாரா?

கோயிலுக்குக் கூப்பிடு தூரத்தில் ஒரு மசூதி. 1717-18ல் ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கான் கட்டியது. அளவான, அழகான கட்டடம். இந்த நவாபின் பெயரைக் கேட்டதும் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். "தேசிங்குவைக் கொன்னவனா?" என்றார். ஆமாம், அவரேதான். அம்மா சரித்திரம் படித்தவர் இல்லை. தெருக்கூத்துப் பார்த்தவர், 1960ல் வந்த எம்.ஜி.ஆர். படத்தையும் பிறகு ஒரு டூரிங் கொட்டகையில் பார்த்தவர்.

தேசிங்குவின் நிஜப் பெயர் தேஜ்சிங். வடக்கே புந்தேல்கண்டு வம்சம். தந்தை சொரூப்சிங் மொகலாயரின் கீழ் செஞ்சிக் கில்லேதாராக இருந்து 1714ல் காலமானார். நவாப் கப்பப் பாக்கி கேட்டார். பிள்ளைக்கு வயது 22. கொடுக்க முடியாது என்று சொல்லிவிட்டார். சில நூறு குதிரைகளுடன், ஆயிரக் கணக்கில் வந்த நவாபின் சேனையை எதிர்த்துப் புறப்பட்டு, 1714 அக்டோபர் 3ஆம் தேதி களத்தில் மாண்டார். உயிர் நண்பன் மகபத்கானும் அதே சண்டையில் விழுந்தான். அரசி உடன்கட்டை ஏறினாள். செட்டிக்குளத்தங்கரையில் ஒரு மேடையைக் காட்டி, தேசிங்குவைத் தகனம் செய்த இடம் என்கிறார்கள். ஆண்டது பத்தே மாதம். நூறு வருஷம் ஆண்ட நாயக்கர்கள் பெயரை ஊரில் கேட்டுப் பாருங்கள், விழிப்பார்கள். பத்து மாதத் தேசிங்குவை வண்டிக்காரனும் பாடுகிறான்.

நாயக்கர்களுக்கு இதில் அநியாயம்தான். 1597ல் இங்கே வந்த பிமெண்டா என்ற ஏசுசபைப் பாதிரியார், போர்ச்சுகலில் லிஸ்பனைத் தவிர இவ்வளவு பெரிய நகரம் கிடையாது என்று எழுதினார். அப்போது ஆண்ட கிருஷ்ணப்ப நாயக்கர் பெருமாள் பக்தர். அப்படியிருந்தும் பரங்கிப்பேட்டைப் பக்கத்துக் கிருஷ்ணப்பட்டணத்தில் மாதா கோயில் கட்டிக்கொள்ளப் பாதிரிமாருக்கு அனுமதியும் பொன்னும் கொடுத்தார். அந்த லிஸ்பனுக்கு அடுத்த நகரத்தில்தான் இன்று மாடு மேய்கிறது.

திரும்பும் வழியில் ஆயாவிடம் மறுபடி நின்றோம். எனக்கு ஒரு சந்தேகம் அரித்துக்கொண்டிருந்தது. மேலே ரங்கநாதர் இல்லை, கீழே வெங்கட்ரமணர் இல்லை. நடுவில் கமலக்கண்ணி மட்டும் மஞ்சள் குங்குமத்துடன் இருக்கிறாளே, எப்படி?

ஆயா என்னை ஒரு குழந்தையைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"அவ எங்க ஊட்டுப் பொண்ணு தம்பி. ராசா வருவான், போவான். அவ எங்க போவா? சித்திரையில திருவிழாவுக்கு வந்து பாரு, இந்த ரோட்டுல நிக்க எடம் இருக்காது. அந்தப் பெரிய கோயில்லயும் விசேஷ நாள்ல ஜனங்க படம் வச்சுக் கும்பிடறது உண்டு. தெனப்படி வெளக்குக்கு யாரு இருக்காங்க? அதுக்கு நெலம் கொடுத்த ராசாவே இல்லியே."

இதைக் கேட்டதும் எனக்குத் திருவண்ணாமலை ஞாபகம் வந்தது. கர்நாடக யுத்தங்களின்போது அந்தக் கோயிலும் சும்மா இருக்கவில்லை. உயர்ந்த மதில் இருந்ததால் சேனைகளுக்கு அதுவும் ஒரு கோட்டைதான். 1753ல் முற்றுகை, 1757ல் பிரெஞ்சுக்காரர், 1760ல் கும்பினியின் காப்டன் ஸ்டீபன் ஸ்மித், 1790ல் திப்பு. அந்த ஸ்மித்தேதான் 1761 ஏப்ரலில் செஞ்சியையும் வாங்கிக்கொண்டார். அடி இரண்டுக்கும் விழுந்தது. அங்கே ஊர் கலையவில்லை. சேனை போனதும் ஜனங்கள் விளக்கை ஏற்றிவிட்டு வாசலைக் கூட்டினார்கள். இங்கே ஊர் என்பதே கோட்டையாக இருந்தது; சண்டை முடிந்தபோது கூட்டுவதற்கு ஆள் இல்லை. இது என் யூகம். சரித்திரப் பேராசிரியர்கள் வேறு காரணம் சொன்னால் கேட்டுக்கொள்ளத் தயார். ஆனால் ஆயாவிடம் போய் வாதாட நான் தயாரில்லை.

மாலையில் ஓர் ஆட்டோ பிடித்துச் சிங்கவரம் போனோம். வழியில் திருநாதர் குன்று. ஒரே பாறையில் 24 தீர்த்தங்கரர்கள், மேலே 12 பேர், கீழே 12 பேர். பக்கத்தில் வட்டெழுத்தில் ஒரு கல்வெட்டு. சந்திரநந்தி என்ற சமண ஆசிரியர் 57 நாள் உண்ணாவிரதம் இருந்து இங்கே உயிர் நீத்தார் என்று சொல்கிறது. கோட்டை பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முந்திய செய்தி அது. அம்மா ஆட்டோவில் இருந்தபடியே கையைக் கூப்பிவிட்டு, "57 நாளா!" என்றார். ஏகாதசிக்கு ஒரு நாள் பட்டினி கிடந்துவிட்டு இரண்டு நாள் பேசுகிறவர் அவர்.

சிங்கவரத்தில் பல்லவர்கள் மலையைக் குடைந்த குகையில் ரங்கநாதர் படுத்திருக்கிறார். இருபது அடிக்கு மேல் நீளம், அதே பாறையில் செதுக்கிய மேனி. படி நூற்றைம்பதுக்குக் குறையாது. அம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஏறினார். அர்ச்சகர் தீபத்தைப் பாதத்திலிருந்து திருமுகம் வரை கொண்டுபோய்க் காட்டினார். விளக்கு, துளசி, தீர்த்தம், எல்லாம் உண்டு. இவர்தான் தேசிங்குவின் குலதெய்வம் என்கிறார்கள். சண்டைக்குப் போக உத்தரவு கேட்டு வந்தபோது, போகாதே என்று சுவாமி முகத்தைத் திருப்பிக்கொண்டாராம். தேசிங்கு கேட்கவில்லை.

"பார்த்தியா, தலை அந்தப் பக்கம் திரும்பித்தான் இருக்கு" என்று அம்மா என் காதில் சொன்னார். சிற்பி அப்படித்தான் செதுக்கினான் என்று சொல்ல வாயெடுத்து, மூடிக்கொண்டேன்.

2025 ஜூலையில் யுனெஸ்கோ நிறுவனம் மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. பதினொன்று மகாராஷ்டிரத்தில், தமிழ்நாட்டில் செஞ்சி ஒன்றே ஒன்று. எனவே இனிமேல் வெளிநாட்டார் வருவார்கள், பலகைகள் வரும். நீங்கள் அதற்கு முன்னால் போய்விட்டு வாருங்கள். காலையிலேயே போங்கள், நேரம் கழித்தால் ராஜகிரிமேல் ஏற விடமாட்டார்கள். தண்ணீர் கொண்டு போங்கள். ஆணி கொண்டு போகாதீர்கள். ராஜகிரி ஏற முடியாத பெரியவர்களை வீட்டில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். வெங்கட்ரமணர் கோயிலுக்குப் படி ஏற வேண்டியதில்லை. வாசற்படியில் வைக்க ஒரு முழம் பூவும் வாங்கிக்கொள்ளுங்கள், துளசியாக இருந்தால் அம்மாவுக்குத் திருப்தி.

இரவு பஸ்ஸில் அம்மா கண்ணை மூடிக்கொண்டிருந்தார். தூங்கிவிட்டார் என்று நினைத்தேன். திண்டிவனம் தாண்டியதும் கண்ணைத் திறக்காமலே கேட்டார்:

"பாண்டிச்சேரிக்கு எப்படா போறோம்?"

"எதுக்கம்மா?"

"அந்தத் தூணையாவது பார்த்துட்டு வரலாம்னுதான்."